புஷ்பம் பார்த்த வெடிப்பு

"ஏணிய கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க அக்கா" என்றேன்.

கீழே நின்ற பெண் இரண்டு கையாலும் பிடித்தாள். ஏணியின் ஆட்டம் நின்றது.

பதுளையில் நான் படித்த கல்லூரியின் பழைய செங்கல் கட்டடம் அது. மேல்மாடியின் தென்மேற்கு மூலையில், கூரைக்கு ஒரு முழம் கீழே, ஏணியின் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் டோர்ச், மறு கையில் சின்னச் சுத்தியல். முகத்துக்கு நேரே ஒரு வெடிப்பு. கூரையோரத்தில் தொடங்கி, செங்கல் செங்கல்லாகப் படி இறங்கி, ஜன்னல் மூலையைத் தொட்டு, கீழ்த்தளம் வரைக்கும் போயிருந்தது. மேலே ஒரு பென்சில் நுழையும். இறங்க இறங்க ஒடுங்கி, அடியில் நூல் கனம்.

அந்த வெடிப்புக்குள்ளிருந்து காற்று வந்து என் கன்னத்தில் பட்டது. இரண்டடித் தடிப்புள்ள சுவர். அதைத் தாண்டி வெளிக்காற்று உள்ளே வருகிறது என்றால் என்னைப் போன்ற பொறியியலாளர் அதைச் சும்மா விட முடியாது.

டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே வெள்ளையாக என்னவோ தெரிந்தது. விரலை விட்டு இழுத்தேன். சுருட்டி அடைத்த காகிதம். பிரித்தால், ஏதோ ஒரு தவணைப் பரீட்சையின் வினாத்தாள்.

"இதுக்குள்ள யாரு பேப்பர் திணிச்சது?"

"நான்தாங்க மிஸ்" என்றாள் ஏணியைப் பிடித்திருந்தவள். "குளவி வருது. புள்ளைங்கள கொட்டிருச்சு."

"சரி சரி" என்று சொல்லிக் காகிதத்தைக் கீழே போட்டேன். அவள் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பற்றியும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்கு நான் செய்த இரண்டு தவறுகள் அவை.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கும் ஒரு வாசகி அப்புத்தளையிலிருந்து எழுதியிருந்தார்: "நீங்க சரியாச் செஞ்ச வேலையப் பத்தியே எழுதுறீங்களே மிஸ், தப்பே பண்ணலியா?" இந்த வாரம் அவருக்காக.

மூன்று நாள் வேலை

பழைய கட்டடத்தின் நிலையை மதிப்பிடுவதற்குப் பெரிய பெரிய கருவிகள் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசி வேலையைக் கண்ணும் காதும் முடித்துவிடும். செங்கல்லைச் சுத்தியலால் தட்டினால் நல்ல கல் 'டங்' என்னும். உக்கிய கல் 'பொத்' என்னும். கற்களுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புச் சாந்தை வீட்டுச் சாவியால் சுரண்டிப் பார்ப்பேன். மாவாகக் கொட்டினால் ஒரு குறிப்பு, கொட்டாமல் நின்றால் வேறு குறிப்பு. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். கூரை மரத்தில் கறையான் மண் இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பேன்.

மூன்று நாள் முழுக்க அதைத்தான் செய்தேன். தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள். எச்சில் விழுங்கினால்கூட அந்த ருசிதான்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கீழ்த்தளத்தில் விஞ்ஞான ஆய்வுகூடமும் சில வகுப்பறைகளும், மேலே மற்ற வகுப்பறைகள், பலகைத் தரை. நான் சாதாரணதரமும் உயர்தரமும் படித்தது அங்கேதான். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தேயிலைக் குறுக்குப்பாதையில் இறங்கி, பஸ் பிடித்து, அந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போது செருப்பில் சிவப்பு மண் ஒட்டியிருக்கும். பலகைத் தரையில் அது அச்சு அச்சாகப் பதியும். டவுன் பிள்ளைகள் அந்த அச்சைப் பார்த்தே எங்களைத் தோட்டத்துப் பிள்ளைகள் என்று கண்டுகொள்வார்கள்.

முந்தைய வருட மழைக்குப் பிறகு பெற்றோர் சிலர் அந்த வெடிப்பைப் பார்த்துப் பயந்துபோனார்கள். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மேடு. மேட்டுக்கு மேலே பாதை. மண்சரிவு அடிக்கடி வரும் எங்கள் மாகாணத்தில் மேட்டையும் வெடிப்பையும் ஒன்றாகப் பார்த்தால் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். அதிபர் எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். நான் போனேன்.

அதிபர் நல்ல பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"எனக்குப் பழசு புதுசுன்னெல்லாம் இல்ல மிஸ். இருநூறு புள்ளைங்க இதுக்குள்ள இருக்காங்க. ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களும் நானும் எந்த முகத்தோட வீட்டுக்குப் போறது?"

உடைத்துவிட்டு மூன்று மாடியில் புதிதாகக் கட்டிக்கொடுக்க மேலிடம் தயாராக இருந்தது. கட்டடம் பாவனைக்கு உதவாது என்று நான் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

நான் படித்த கட்டடம் என்பதால் ஒரு பயம் எனக்கு. பாசத்தில் குறையை மறைத்துவிடுவேனோ என்று. அதனாலேயே குறைகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். தேவைக்கு மேலேயே பார்த்தேன்.

லயத்துக்குப் பின்னால்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண்மேடு ஒன்று. அந்த வருடம் நாலு நாளாக மழை விடவேயில்லை. சோறாக்கும் குசினியின் சுவரில் ஒரு வெடிப்பு வந்தது. அப்பா மண்ணைக் குழைத்துப் பூசினார். மறுநாள் காலையில் அது இன்னும் பெரிதாகத் திறந்திருந்தது. மறுபடியும் பூசினார். மறுபடியும் திறந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம் அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடு இறங்கியது. பெரிய சத்தமில்லை. ஈரச் சாக்கை நிலத்தில் போட்டதுபோல ஒரு சத்தம். குசினி இல்லை.

ஒரு உயிருக்கும் ஆபத்தில்லை. மூன்று வாரம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தோம். அப்பா மண்ணை வெட்டி சோற்றுப்பானையை எடுத்தபோது அது தட்டு மாதிரி நசுங்கியிருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்குத்தான். பின்னால் மேடு, சுவரில் வெடிப்பு, மேலே மழை என்றால் ஓடிவிட வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி எவ்வளவோ படித்தேன். ஆனாலும் கல்லூரியின் தென்மேற்கு மூலையைப் பார்த்தபோது படித்த படிப்பு பேசவில்லை. குசினி பேசியது. மேடு நகர்கிறது, அதனால் சுவர் பிளக்கிறது என்று முடிவு செய்தேன். அறிக்கையின் வரைவை அன்றே எழுதி எங்கள் பிரதம பொறியியலாளருக்கு அனுப்பியும் விட்டேன். 'அகற்றுவதே பாதுகாப்பானது.'

மூன்றாம் நாள் மதியம், கட்டடத்தின் நடையில் வைத்து அதிபரிடம் வாயாலும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு "நன்றி மிஸ்" என்றார். பக்கத்தில் ஏணி பிடித்த அந்தப் பெண் வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்தாள்.

"ராஜி"

பையைத் தூக்கிக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தேன். பின்னால் யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம்.

"மிஸ்... மிஸ்..."

நான் நிற்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"ராஜி!"

நின்றேன். என்னை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது மிகக் குறைவு. அலுவலகத்தில் நான் மிஸ். வீட்டில் அம்மா. திரும்பினால் ஏணி பிடித்த பெண். காதோரம் நரைத்திருந்தது. வலது புருவத்தில் ஒரு தழும்பு. அந்தத் தழும்பைப் பார்த்ததும்தான் எனக்குத் தெரிந்தது.

"புஷ்பம்?"

"ஆமா. நம்ம தோட்டத்து கீழ் டிவிசன் புஷ்பம்தான்."

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஆறாம் ஆண்டிலிருந்து ஒரே பெஞ்ச். ஒரே பஸ். அவளுக்கு விஞ்ஞானம் என்னைவிட நன்றாக வரும், அதை நான் அப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு அவளுடைய அப்பா தேயிலை மலையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவளுக்குக் கீழே மூன்று தம்பி தங்கைகள். அவள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்தாள். பெறுபேறு வந்தபோது என்னைவிட அவளுக்குத்தான் நல்ல பெறுபேறு. நான் உயர்தரம் படிக்கப் போனேன். அதற்குப் பிறகு அவளை ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

மூன்று நாளாக அவளை 'அக்கா அக்கா' என்று கூப்பிட்டு ஏணி பிடிக்க வைத்திருக்கிறேன்.

"மொத நாளே தெரிஞ்சுதா உனக்கு?"

"நீ கேற்ல எறங்குனப்பவே தெரிஞ்சுது. நடை மாறல."

"ஏன்டி சொல்லல?"

"வேல செய்யிற எடத்துல என்னத்த சொல்றது?" என்றாள். "அத விடு. நான் ஓடியாந்தது வேற விசயம். அந்தக் கட்டடத்த ஒடைக்கணும்னு சொன்னியே. மழைக்கு மேடு நகருதுன்னு சொன்னியே."

"ஆமா."

"அந்த வெடிப்பு மழைக்குப் பெருசாகறதில்ல ராஜி. மழை வந்தா மூடிக்கும். வெயில்லதான் தொறக்கும்."

எனக்கு உடனே புரியவில்லை. "என்ன சொல்ற?"

"குளவிக்குப் பேப்பர் வைக்கிறேன்ல? வெயில் காலத்துல ரெண்டு நாளைக்கு ஒருக்கா அது வுழுந்துரும். திரும்பத் தடிப்பாச் சுருட்டி வைக்கணும். கார்த்திகை மார்கழியில நான் புடுங்குனாலும் வராது. சொவரு கடிச்சுப் புடிச்சிக்கும். கிழிஞ்சுதான் வரும். நாலு வருசமா இதேதான் நடக்குது."

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேன். கூட்டுற வேலையப் பாருன்னாங்க. கூட்டுறதுதானே என் வேல."

நான் பையைக் கீழே வைத்தேன்.

வாசகர்களுக்கு ஒரு நிமிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். மேடு நகர்ந்து சுவர் பிளந்தால், மழைக்காலத்தில் வெடிப்பு பெரிதாக வேண்டும். எங்கள் குசினியில் நடந்தது அதுதான். அதற்கு மருந்தில்லை, வெளியேற வேண்டும். ஆனால் களிமண் நிலத்தில் வேறொன்றும் நடக்கும். வெயிலில் மண் காய்ந்து சுருங்கும், அதன்மேல் நிற்கும் மூலை கொஞ்சம் கீழே இறங்கும், வெடிப்பு திறக்கும். மழை வந்து மண் ஊறினால் மூலை மேலே வரும், வெடிப்பு மூடும். அதற்கு மருந்து உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வேறுபாடு தெரிய ஒரு வருடமாவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் பார்த்தது வெயில் காலத்தில் மூன்று நாள். புஷ்பம் பார்த்தது நாலு வருடம்.

திரும்பிப் போய் அந்த மூலையின் வெளிப்பக்கத்தில் நின்றோம். சுவரிலிருந்து பத்து எட்டு வைக்கும் தூரத்தில் ஐந்து யூகலிப்டஸ் மரங்கள். நாங்கள் படித்தபோது அவை இல்லை. இப்போது கட்டடத்துக்கு மேலே வளர்ந்து நின்றன. மண்ணில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சுவதில் அந்த மரத்தை மிஞ்ச ஆளில்லை என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிழலில்தான் மூன்று நாளாக நான் சோற்றுப் பார்சல் பிரித்துச் சாப்பிட்டிருந்தேன். காலடியில் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் புஷ்பம் தன் விரலை விட்டுக் காட்டினாள்.

ஒரு மழைக்காலம்

அனுப்பிய அறிக்கையை மீளப் பெறுவதைவிடக் கஷ்டமான வேலை எங்கள் உத்தியோகத்தில் இல்லை.

எங்கள் பிரதம பொறியியலாளர் சிங்களவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், அதிர்ந்து பேசாதவர். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கல்லூரியில் கூட்டித் துடைக்கிற ஒரு பெண் சொன்னது, அவள் திணித்த காகிதம், ஐந்து மரம், பாளமாக வெடித்த தரை. என் கையில் இருந்த ஆதாரம் அவ்வளவுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவளுக்குப் பொய் சொல்லக் காரணம் இருக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை சேர்."

"அப்படியானால் ஒரு மழைக்காலம் எடுத்துக்கொள். அளந்து காட்டு. ஆனால் அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் ஒரு பிள்ளையும் இருக்கக் கூடாது."

அதிபர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். போன வாரம் உடை என்ற நானே இந்த வாரம் பொறு என்கிறேன்.

"இருநூறு புள்ளைங்கள எங்க வைக்கிறது மிஸ்? பாதிப் பேர மண்டபத்துல வைக்கலாம். மிச்சப் பேருக்குத் தகரக் கொட்டகைதான். தகரத்துல மழை பேஞ்சா டீச்சர் சொல்றது முன் பெஞ்சுக்கே கேக்காது."

"தெரியும் மிஸ். என் தப்புத்தான். ஆனா ஒடைச்சிட்டுப் பொறகு நான் தப்புன்னு தெரிஞ்சா திரும்பக் கட்ட முடியாது."

அவர் மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். "தைப்பொங்கலுக்குள்ள எனக்கு ஒரு முடிவு வேணும்" என்றார்.

மறுநாள் வெடிப்பின் இரண்டு பக்கத்துச் செங்கல்லிலும் பித்தளை ஆணி பதித்தேன். வெளிச்சுவரில், நின்றபடி எட்டுகிற உயரத்தில், ஒரு சோடி. வாரத்துக்கு ஒரு தரம் இரண்டு ஆணிக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் என்னால் வர முடியாது.

"நான் இங்கதானே இருக்கேன்" என்றாள் புஷ்பம்.

பையிலிருந்து வேணியர் இடுக்கிமானியை எடுத்தேன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கும் கருவி. "இது எப்படின்னா, மொதல்ல இந்தப் பெரிய அளவுகோல்ல..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் கையிலிருந்து அதை வாங்கினாள். தாடைகளை ஆணியில் பொருத்தி, திருகாணியை இறுக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள்.

"எழுபத்திரண்டு தசம் நாலு."

நான் வாங்கிப் பார்த்தேன். எழுபத்திரண்டு தசம் நாலு.

"பத்தாம் ஆண்டு. இதே கட்டடம், கீழ லேப்" என்றாள் அவள். "ரெண்டு பேருக்கு ஒண்ணு குடுத்தாங்க. நீ தப்புத் தப்பா வாசிச்ச."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும், "நீ பள்ளிக்கூடத்த விட்டப்ப நான் ஒரு தரமாவது வந்து பாத்திருக்கணும் புஷ்பம்" என்றேன்.

அவள் இடுக்கிமானியை உறையில் போட்டு மூடினாள். "வந்திருந்தா இன்னும் அழுதிருப்பேன். நீ யூனிபோர்ம் போட்டுக்கிட்டு பஸ் ஏறுறத மலையிலருந்து பாப்பேன். அதுவே போதும்னு இருந்துச்சு. நெசமாத்தான் சொல்றேன்."

தகரக் கொட்டகை

முதல் மூன்று வாரம் பெரிய மாற்றம் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புஷ்பம் கொப்பியில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள். எழுபத்திரண்டு தசம் நாலு. எழுபத்திரண்டு தசம் ஐந்து. எழுபத்திரண்டு தசம் ஐந்து.

மழை தொடங்கிவிட்டிருந்தது. எண் குறையவில்லை. போதாததற்கு ஒரு புள்ளி கூடியிருந்தது.

அந்த நாட்களில் ஒரு தடவை கல்லூரிக்குப் போனேன். கொட்டகையில் பாடம் நடந்துகொண்டிருந்தது. தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் ஆசிரியை கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் காலை மேலே தூக்கிவைத்திருந்தார்கள், கீழே தண்ணீர் ஓடியது. ஒரு தகப்பன் குடையோடு வந்து என் முன்னால் நின்றார்.

"நீங்கதானே எஞ்சினியர் மிஸ்? என் மக இந்த வருசம் பரீட்ச எழுதணும். ஒண்ணா ஒடைங்க, இல்ல உள்ள விடுங்க. எங்க புள்ளைங்கள வச்சா நீங்க பரீட்ச பாக்குறீங்க?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பிறகு பெருமழை வந்தது. ஐந்து நாள் விடவில்லை. மண்சரிவு எச்சரிக்கை விட்டார்கள். பாடசாலைகளை மூடினார்கள். பாதையில் மண் விழுந்து நான் பண்டாரவளையில் மாட்டிக்கொண்டேன். என் கண்ணுக்குள் குசினிதான் திரும்பத் திரும்ப வந்தது. மேடுதான் நகர்கிறது என்றால், இந்த மழையில் அந்த மூலை கீழே வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் போன் எடுத்தேன்.

"புஷ்பம், இன்னைக்குக் கிட்டப் போகாத. கேக்குதா? அளக்க வேணாம்."

"சத்தியமாப் போகல. மரத்தடியில நின்னுதான் பாக்குறேன். சொவரு நிக்குது ராஜி."

"மரத்தடியிலயும் நிக்காத. வீட்டுக்குப் போ."

சனிக்கிழமை காலை மழை விட்டது. பத்து மணியளவில் போன் சத்தமிட்டது. கொப்பியின் படம். பக்கத்தின் ஓரம் நனைந்து மை பரவியிருந்தது. ஆனாலும் எண் தெளிவாக இருந்தது.

எழுபத்தொன்று தசம் மூன்று.

படத்துக்குக் கீழே ஒரு வரி: 'மூணு தரம் அளந்தேன். மூணு தரமும் இதான்.'

களிமண் தண்ணீரைக் குடிக்க நாளெடுக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், பயத்தில் மறந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் எண் இறங்கியது. எழுபது தசம் எட்டு. எழுபது தசம் இரண்டு. மார்கழிக் கடைசியில் அறுபத்தொன்பது தசம் ஆறில் போய் நின்றது. மேல்மாடியில் அவள் திணித்து வைத்திருந்த காகிதத்தை நான் இழுத்துப் பார்த்தேன். பாதிதான் கையோடு வந்தது.

மேட்டிலும் ஆணியடித்துக் கயிறு கட்டிப் பார்த்திருந்தோம். அது ஒரு இம்மியும் அசையவில்லை.

திருத்தம்

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் புதிய அறிக்கையோடு கல்லூரிக்குப் போனேன். கட்டடம் நிற்கலாம். மரங்களை வெட்ட வேண்டும், ஆனால் ஒரே நாளில் அல்ல, வருடத்துக்கு ஒன்றிரண்டாக. இல்லாவிட்டால் மண் ஊறிப் பொங்கி வேறு பக்கம் வெடிக்கும். கூரைத் தண்ணீர் ஓடும் பீலிகளைச் சரிசெய்ய வேண்டும். இடையில் யாரோ சீமெந்து பூசிய இடங்களையெல்லாம் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைக்க வேண்டும். அந்த மூலையின் மேல்பகுதியை மட்டும் கல்கல்லாகப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். கீழ்த்தளத்து வகுப்புகள் அடுத்த தவணையிலேயே திரும்பலாம்.

அதிபர் முழுவதையும் நிதானமாக வாசித்தார். முன்பக்கத்துக்குத் திரும்பி வந்தார். அங்கே, என் பெயருக்குக் கீழே, 'அவதானிப்பும் வாராந்த அளவீடும்' என்று போட்டுப் புஷ்பத்தின் முழுப் பெயரை எழுதியிருந்தேன். எங்கள் பிரதம பொறியியலாளர் அந்த வரியைப் பார்த்துவிட்டு அதை மாற்றாமல் கையெழுத்திட்டிருந்தார்.

"இது நம்ம புஷ்பமா?"

"ஆமா மிஸ். அவங்க இல்லன்னா இந்நேரம் அந்த எடம் வெறும் தரையா இருக்கும். நானே தரையாக்கியிருப்பேன்."

அதிபர் மணியடித்து அவளைக் கூப்பிட்டார். புஷ்பம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஏதோ குறை சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"உள்ள வாங்க. ஒக்காருங்க" என்றார் அதிபர்.

அந்த அறையில் இருக்கும் கதிரையில் அவள் அன்றுதான் முதல் முறையாக உட்கார்ந்தாள் என்று பிறகு எனக்குச் சொன்னாள். அதிபர் அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தி, பெயரைத் தொட்டுக் காட்டினார். "முன்னாடியே நீங்க சொன்னப்ப நாங்க கேக்கல. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்."

புஷ்பம் பெயரைப் பார்த்தாள். முகம் சிவந்தது. பிறகு பக்கத்தைத் திருப்பினாள். அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, அளவீட்டு அட்டவணைக்கு வந்து, விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"மிஸ்" என்றாள் என்னைப் பார்த்து. அதிபர் முன்னால் நான் மிஸ்தான். "மார்கழி ரெண்டாம் வாரம் எழுபது தசம் ரெண்டு. நீங்க எழுபது தசம் மூணுன்னு போட்டிருக்கீங்க."

"அப்படியா?"

இடுப்பிலிருந்து கொப்பியை எடுத்துத் திறந்து காட்டினாள். எழுபது தசம் இரண்டு.

நான் பேனாவை எடுத்தேன். மூன்றை ஒரு கோட்டால் அடித்து, மேலே இரண்டு என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். பிறகு அறிக்கையை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினேன்.

"நீங்களும் வைங்க. அளந்தது நீங்கதானே."

அவள் வைத்தாள்.